உப்போடைக் கரையில் சிறிய கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்: எங்கே அமைப்பது, சுத்தமான நீரை எங்கே விடுவது?

உடைமரம் (ராதாபுரம் வட்டம்) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். உவரிக்கும் இடிந்தகரைக்கும் இடைப்பட்ட கரையில் உள்ள ஓர் ஊராட்சியில் நான் வார்டு உறுப்பினராக இருக்கிறேன். தொழில் உரக்கடை, பொறியியல் படித்தவன் அல்லன். கேள்வியில் பிழை இருந்தால் திருத்த வேண்டுகிறேன்.

எங்கள் ஊரில் கடலை ஒட்டிய மூன்று வார்டுகளில் 3,200 பேர் வசிக்கிறார்கள். தெருவுக்குத் தெரு வாறுகால் (கழிவுநீர் ஓடும் கால்வாய்) கட்டியாயிற்று. ஆனால் அத்தனை வாறுகாலும் போய்ச் சேருமிடம் ஊருக்கு மேற்கே உள்ள உப்போடைதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓடை மணல்திட்டை உடைத்துக்கொண்டு கடலில் சேரும் இரண்டு மூன்று மாதங்கள் போக, மற்றக் காலமெல்லாம் முகத்துவாரம் அடைபட்டே கிடக்கும். அப்போது ஓடையில் பாசி பூத்து நாற்றம் எடுக்கிறது. சென்ற ஆனி மாதத்தில் மீன்கள் செத்து மிதந்தன. பெரும்பாலான வீடுகளில் செப்டிக் டேங்க் உண்டு என்றாலும், பலவற்றில் நிறைந்து வழியும் நீர் வாறுகாலில்தான் கலக்கிறது. தை முதல் பங்குனி வரை முட்டையிட ஆமைகள் ஏறும் கரையும் இதுவே.

இப்போது எங்கள் முன் இரண்டு யோசனைகள் இருக்கின்றன. முதலாவது, ஓடைக்கரைப் புறம்போக்கில் உள்ள 40 சென்ட் இடத்தில், காற்று ஊதும் இயந்திரங்களுடன் கூடிய எம்.பி.பி.ஆர். வகை (மிதக்கும் பிளாஸ்டிக் துண்டுகளில் நுண்ணுயிரிகளை வளர்த்துக் கழிவைச் சிதைக்கும்) நிலையம் ஒன்றை நிறுவி, சுத்தமான நீரை ஓடையிலேயே விடுவது. இரண்டாவது, ஊருக்கு வடக்கே 1.4 கிலோமீட்டர் தள்ளித் தேரி (செம்மணல் மேடு) அடிவாரத்தில் இருக்கும் 2 ஏக்கரில், மின்சாரம் தேவைப்படாத, காற்றுப் புகாத அறைத்தொட்டிகளும் நாணல் நட்ட சரளைப் படுகையும் அமைப்பது. முதல் யோசனைக்காரர், மூன்றே மாதத்தில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். இரண்டாவதைச் சொல்பவர், பராமரிப்புச் செலவே இல்லை என்கிறார். இருவர் பேச்சிலும் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. மன்றத்தில் தீர்மானம் வருவதற்கு முன் நாங்கள் எதை அளக்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ரசமட்டம் (பாளையங்கோட்டை) எழுதுகிறார்:

தம்பி, எந்த இயந்திரம் என்ற கேள்வியை ஒரு வாரம் ஒத்தி வையுங்கள். முதலில் எவ்வளவு நீர், அதில் எவ்வளவு உப்பு என்ற இரண்டையும் பார்த்துவிட வேண்டும். முப்பது ஆண்டு வடிகால் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கடலோரத்தில் தோற்றுப்போன நிலையங்களில் பல, உப்பைக் கணக்கில் எடுக்காமல் உள்நாட்டு வரைபடத்தை அப்படியே கொண்டுவந்து கட்டியவை.

நீரின் அளவு எளிது. ஊரகக் குடிநீர்த் திட்டங்களில் ஆளுக்கு 55 லிட்டர் என்று வைக்கிறார்கள். உங்கள் ஊரில் கிணற்று நீரும் புழங்குவதால் 70 என்று கொள்ளலாம். அதில் 80 விழுக்காடு கழிவாக வரும் என்பது வழக்கமான கணக்கு. 3,200 பேருக்கு அது நாளொன்றுக்கு 180 கன மீட்டர் அளவில் வருகிறது. அதாவது, 1,80,000 லிட்டர்.

உப்புதான் சிக்கல். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 19,000 மில்லிகிராம் குளோரைடும் 2,700 மில்லிகிராம் சல்பேட்டும் உண்டு. உங்கள் வாறுகாலில் நூற்றுக்கு ஐந்து பங்கு கடல்நீர் கசிந்து கலந்தாலே சல்பேட் 135 மில்லிகிராம் கூடிவிடும். காற்றில்லாத தொட்டிகளில் வாழும் ஒருவகை நுண்ணுயிரிகள் அந்த சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றும். அழுகிய முட்டை நாற்றம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த வாயு தொட்டியின் மூடியில் படிந்து கந்தக அமிலமாகி, கான்கிரீட்டைத் தின்றுவிடும். ஆகவே அறைத்தொட்டி முறையைத் தேர்ந்தால் சல்பேட் தாங்கும் சிமென்ட், உயரமான வாயுக்குழாய், கான்கிரீட் குழாய்க்குப் பதில் எச்.டி.பி.இ. என்னும் கெட்டி பிளாஸ்டிக் குழாய் ஆகிய மூன்றையும் மதிப்பீட்டிலேயே எழுதிவிட வேண்டும். பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்றால் அது நடவாது.

இதை அளப்பதற்கு ஆய்வகம் தேவையில்லை. மின்கடத்துதிறன் அளக்கும் கைக்கருவி ஒன்றை இரவல் வாங்கி, வீடுகளில் நீர்ப் புழக்கம் இல்லாத அதிகாலை 3 மணிக்கு வாறுகாலின் கடைசி முனையில் பாருங்கள். அமாவாசையன்று ஓதம் (கடலேற்றம்) ஏறியிருக்கும்போது ஒருமுறை, ஓதம் தணிந்திருக்கும் அட்டமியை ஒட்டி ஒருமுறை. அந்த நேரத்திலும் வாறுகால் ஓடிக்கொண்டிருந்தால் அது வீட்டு நீர் அன்று, மண்ணிலிருந்து கசிவது. இரண்டு நாளுக்கும் உப்பில் பெரிய வேறுபாடு தெரிந்தால் கடல் உங்கள் வாறுகாலுக்குள் வருகிறது என்று பொருள். அந்த நிலையில் சுத்திகரிப்பு நிலையத்துக்கு முன் வாறுகாலைத்தான் சரிசெய்ய வேண்டும்.

ஓடைக்கரை 40 சென்ட் பற்றி இரண்டு எச்சரிக்கைகள். அங்கே ஒரு மீட்டர் தோண்டினாலே நிலத்தடி நீர் வரும் என்று ஊகிக்கிறேன். மூன்று மீட்டர் ஆழத் தொட்டியை மழைக்காலத்தில் கசடு எடுப்பதற்காகக் காலி செய்தால், அடித்தளத்தின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஏறத்தாழ 2 டன் விசை மேல்நோக்கித் தள்ளும். தொட்டி படகு போல மிதந்து எழுந்து, குழாய் இணைப்புகள் அறுந்துபோனதை நான் நேரில் கண்டிருக்கிறேன். இரண்டாவது, வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படியொரு மழையில் ஓடைக்கரையில் இருக்கும் ஊதுகாற்று இயந்திரமும் மின்பலகையும் என்ன ஆகும் என்று முதல் யோசனைக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள்.

கட்டுமரத்தார் மகள் எழுதுகிறார்:

நான் உங்கள் கரையிலிருந்து சற்றுக் கிழக்கே உள்ள மீனவ ஊரைச் சேர்ந்தவள். ஒரு தடவை ஊராட்சி மன்றத்திலும் இருந்திருக்கிறேன். தம்பி எழுதியதில் விடுபட்டவை இரண்டு.

முதலாவது, கழிவுநீர் லாரி. செப்டிக் டேங்க் நிறைந்தால் வீட்டுக்காரர் லாரியை அழைக்கிறார், லாரி எடுத்துப் போகிறது. எங்கே கொட்டுகிறது என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் பக்கத்தில் இரவில் உடங்காட்டுக்குள்ளோ ஓடையின் மேல்முனையிலோ கொட்டிவிட்டுப் போவார்கள். நீங்கள் எவ்வளவு நல்ல நிலையம் கட்டினாலும், அந்த லாரிக்கு ஓர் இடம் சொல்லாவிட்டால் ஓடை இப்போது இருப்பது போலவே இருக்கும். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் தொட்டிக்குள் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது என்பதால் லாரியை ஒழிக்கவும் முடியாது, முறைப்படுத்தத்தான் வேண்டும்.

இரண்டாவது, கருவாடு. மீன் அறுத்துக் கழுவும் நீரும் உப்பிலிட்ட தொட்டியை அலம்பும் நீரும் எங்கள் ஊரில் வாறுகாலுக்குத்தான் போகின்றன. ரசமட்டம் அண்ணாச்சி சொல்லும் உப்பு முழுவதும் கடலிலிருந்து கசிவதாக இருக்காது. ஒரு பகுதி எங்கள் கையால் போவதுதான். கருவாட்டுக் களத்துக்குத் தனியாக ஒரு சிறு தொட்டி கட்டி, செதிலையும் குடலையும் வலையில் தடுத்து, உப்புநீரைப் பாத்தியில் காயவைக்கலாம். பெண்கள் குழுவிடம் முன்கூட்டியே பேசாமல் கருவாட்டு நீரை நிறுத்தச் சொன்னால் சண்டைதான் வரும். முதலில் அவர்களைக் கூட்டத்துக்கு அழையுங்கள்.

இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. சுத்தமான நீர்தானே, ஓடையில் விட்டால் என்ன என்று எங்கள் ஊரிலும் சொன்னார்கள். முகத்துவாரம் அடைபட்ட ஓடையில் விடும் நீர் எங்கே போகும்?

சிப்பி (கடல்சார் உயிரியல் மாணவி) எழுதுகிறார்:

அக்கா கேட்ட கடைசிக் கேள்விக்கே முதலில் வருகிறேன், ஏனென்றால் இடமும் இயந்திரமும் அதைப் பொறுத்தே முடிவாகும்.

சுத்திகரிப்பு என்று பொதுவாகச் சொல்வது கரிமக் கழிவை நீக்குவதை. 2017 அக்டோபரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கையின்படி, பெருநகரங்கள் அல்லாத இடங்களில் வெளியேறும் நீரின் பி.ஓ.டி. (கரிமக் கழிவைச் சிதைக்க நுண்ணுயிரிகளுக்குத் தேவைப்படும் உயிர்க்காற்றின் அளவு) லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குள்ளும், மலக்கோலிபார்ம் என்னும் மலக்கிருமிகளின் எண்ணிக்கை 100 மில்லிலிட்டருக்கு 1,000க்குள்ளும் இருந்தால் போதும். நைட்ரஜனுக்கோ பாஸ்பரசுக்கோ அதில் வரம்பு இல்லை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 ஏப்ரல் 30 அன்று பிறப்பித்த உத்தரவில்தான் பி.ஓ.டி. 10, மொத்த நைட்ரஜன் 10, மொத்த பாஸ்பரஸ் 1 மில்லிகிராம் என்ற கடுமையான அளவுகள் வந்தன. உங்களுக்குத் தரப்படும் ஒப்பந்தத்தில் எந்த அளவு எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பழைய அளவு மட்டும் இருந்தால், அந்த நிலையம் சட்டப்படி சரியாக இயங்கிக்கொண்டே உங்கள் ஓடையைப் பாசிக்குளமாக்கும்.

உரக்கடைக்காரருக்கு உரக் கணக்கிலேயே சொல்கிறேன். ஒரு மனிதர் நாளொன்றுக்கு வெளியேற்றும் நைட்ரஜன் 8 கிராம் என்று குறைத்தே வைத்தாலும், 3,200 பேருக்கு 25 கிலோவுக்கு மேல் வருகிறது. 45 கிலோ யூரியா மூட்டையில் இருக்கும் நைட்ரஜன் ஏறத்தாழ 21 கிலோ. ஆக, தினந்தோறும் ஒரு மூட்டை யூரியாவுக்கும் அதிகமாக ஓடையில் கொட்டுவதற்கு இது சமம். பி.ஓ.டி. குறைந்தாலும் இதில் பெரும்பகுதி அப்படியே வெளியேறும். முகத்துவாரம் திறந்திருந்தால் கடல் கலைத்துவிடும். அடைபட்ட ஓடையில் அது நாளுக்கு நாள் சேரும். பகலில் பாசி உயிர்க்காற்றைத் தரும், இரவில் அதையே உறிஞ்சிக்கொள்ளும். விடியற்காலையில் மீன் சாவது அதனால்தான். நீங்கள் ஆனியில் பார்த்தது இதுவாக இருக்கலாம்.

கடலுக்கே குழாய் போட்டு விட்டுவிடலாம் என்ற யோசனையும் அடுத்து வரும். ராமேசுவரம் முதல் கன்னியாகுமரி வரையுள்ள மன்னார் வளைகுடா 1989 முதல் உயிர்க்கோளக் காப்பகம். பவளத்திட்டும் கடற்புல்லும் ஊட்டம் குறைந்த தெளிந்த நீரில் வாழ்பவை. 2019இல் மண்டபம், பாம்பன் பக்கம் நாக்டிலூகா என்ற நுண்ணுயிரி பெருகிக் கடல் பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கியதைப் படித்திருப்பீர்கள். கழிவுநீர் ஒன்றுதான் அதற்குக் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இப்படிப்பட்ட கடலில் மேலும் உரம் சேர்ப்பதற்கு நியாயம் கிடையாது. குளோரின் போட்டுக் கிருமியைக் கொல்வதிலும் கவனம் வேண்டும். நீரில் அமோனியா மிகுதியாக இருந்தால் குளோரின் அதனோடு சேர்ந்து குளோரமின் ஆகிவிடும். அது மீன்குஞ்சுகளுக்கு நஞ்சு. ஆழமில்லாத வெயில்குளத்தில் சில நாள் நிறுத்திவைப்பது நம் ஊர் வெயிலுக்குப் பொருத்தமான வழி.

கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் பற்றி ஒரு சொல். ஓதம் ஏறும் ஓடையின் இரு கரைகளுக்கும் அந்த விதி பொருந்தும். கோடையின் உச்சத்தில் நீரின் உப்பு ஆயிரத்துக்கு ஐந்து பங்கு இருக்கும் இடம் வரை ஓதத்தின் எல்லையாகக் கொள்வார்கள். கரையிலிருந்து எத்தனை மீட்டர் என்பது 2011 அறிவிக்கையில் 100, 2019 அறிவிக்கையில் 50. ஓடையின் அகலம் அதைவிடக் குறைவானால் அந்த அகலம். உவர்ச் சதுப்பும் ஆமை முட்டையிடும் கரையும் மணற்குன்றும் மிகக் கடுமையான முதல் வகையில் வருகின்றன. உங்கள் 40 சென்ட் எந்த வகையில் விழுகிறது என்பதை, கடற்கரை மண்டல வரைபடத்தில் சர்வே எண்ணை வைத்துப் பார்த்த பிறகு மற்றதைப் பேசலாம்.

நாணல்படுகை எழுதுகிறார்:

இரண்டாவது யோசனையைச் சொல்பவர் பராமரிப்பே இல்லை என்று சொன்னதாகப் படித்தேன், சிரிப்பு வந்தது. ஒரு விடுதியின் அறைத்தொட்டியும் சரளைப் படுகையும் கொண்ட நிலையத்தை ஐந்து ஆண்டு பார்த்துக்கொண்டவன் நான். முதல் இரண்டு ஆண்டு அருமையாக ஓடியது. பிறகு முதல் தொட்டியில் கசடு எடுக்காமல் விட்டார்கள். கசடு படுகைக்கு வந்தது, சரளை அடைத்தது, நீர் மேலே தேங்கிக் கொசுப் பண்ணையானது. சரளையை முழுவதும் தோண்டி எடுத்துக் கழுவிப் போட நேர்ந்தது. கட்டியபோது ஆன செலவில் ஒரு நல்ல பங்கு அதற்கே போயிற்று.

உங்கள் இடம் தேரி அடிவாரம் என்பதால் இன்னொன்றும் உண்டு. ஆனி, ஆடிக் காற்றில் பறந்துவரும் செம்மணல் படுகையின் மேல் படிந்து, சரளையின் இடுக்குகளை அடைக்கும். மேற்குப் பக்கம் இரண்டு வரிசை சவுக்கு நட்டு, அது தோள் உயரம் வந்த பிறகு படுகையை இயக்கத் தொடங்குங்கள். நடவுக்குச் சம்பும் நாணலும் ஓரளவு உப்பைத் தாங்கும். கல்வாழை அழகாக இருக்கும், உப்பில் கருகிவிடும். கோரை நட்டால் பத்தமடைக்குப் பாய் நெய்ய விற்கலாம் என்று யாரோ எங்களிடம் ஆசை காட்டினார்கள். வாங்க ஒருவரும் வரவில்லை.

இருந்தாலும் எனக்கு இரண்டில் ஒன்றைச் சொல்லச் சொன்னால் படுகையைத்தான் சொல்வேன். படுகை கெட்டால் மெதுவாகக் கெடும், கண்ணுக்குத் தெரியும். ஊதுகாற்று இயந்திரம் நின்றால் ஒரே நாளில் நுண்ணுயிரிகள் செத்துக் கருத்த நீர் வெளியேறும், அதைப் பார்ப்பதற்கு அங்கே ஆள் இருக்காது.

உடைமரம் மீண்டும்:

அனைவருக்கும் நன்றி. ரசமட்டம் அண்ணாச்சி சொன்னபடி அமாவாசை அதிகாலையிலும் அட்டமி அதிகாலையிலும் அளந்தோம். கிழக்கு வாறுகாலில் இரண்டு நாளும் கசிவு ஏறக்குறைய இல்லை. மேற்கு வாறுகாலில் அமாவாசையன்று 3 மணிக்கும் நீர் ஓடிக்கொண்டிருந்தது. உப்பு அட்டமியைவிட மூன்று மடங்கு. கடைசி 120 மீட்டர் நீளத்தில் தளம் வெடித்திருக்கிறது. கருவாட்டுக் களத்து நீரும் அதே வாறுகாலில்தான் விழுகிறது. அக்கா சொன்னது சரியாகப் போயிற்று.

யூரியா மூட்டைக் கணக்கை மன்றத்தில் சொன்னேன். அதற்குப் பிறகு ஓடையில் விடலாம் என்று யாரும் பேசவில்லை. ஆனால் ஓடையிலும் விடாமல் கடலிலும் விடாமல் இந்த நீரை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. தேரி அடிவாரத்தில் சவுக்குக்குப் பாய்ச்சலாம் என்று நினைக்கிறோம். அங்கே எவ்வளவு நிலம் வேண்டும்? இரண்டு ஏக்கர் போதுமா? மேலே ஏற்றும் மின்செலவை ஊராட்சி தாங்குமா?

ரசமட்டம் எழுதுகிறார்:

தம்பி, போதாது. நம் கரையில் பயிரும் மண்ணும் சேர்ந்து நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீரை ஆவியாக்கும் என்று கொண்டால், 180 கன மீட்டருக்கு 3.6 ஹெக்டேர் வேண்டும். ஏறத்தாழ 9 ஏக்கர். அதைவிடக் குறைந்த நிலத்தில் பாய்ச்சினால் மிச்ச நீர் தேரி மணலில் சல்லடையில் இறங்குவது போல் இறங்கி, நைட்ரேட்டாகக் கிணறுகளில் ஏறும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. பாய்ச்சும் இடத்துக்குக் கீழ்ச்சரிவில் இருக்கும் இரண்டு கிணறுகளை ஆண்டுக்கு இருமுறை பார்த்து வாருங்கள். இரண்டு ஏக்கரில் நிலையத்தை வைத்துக்கொண்டு, பாய்ச்சுவதற்குச் சவுக்கும் தென்னையும் வைத்திருக்கும் பக்கத்துத் தோட்டக்காரர்களிடம் எழுத்து ஒப்பந்தம் செய்யுங்கள். வாழைக்கு இந்த உப்பு ஆகாது.

நிலையத்துக்கு இரண்டு ஏக்கர் தாராளம். ஆளுக்கு ஒரு சதுர மீட்டர் படுகை என்றால் 3,200 சதுர மீட்டர், அதாவது 79 சென்ட். அதைப் பாதியாகப் பிரித்து, மேலிருந்து விட்டுவிட்டு நீர் இறங்கும் படுகை ஒன்றையும், பிறகு கிடையாக ஓடும் படுகை ஒன்றையும் வையுங்கள். முதலாவதில் அமோனியா நைட்ரேட்டாக மாறும், இரண்டாவதில் அந்த நைட்ரேட்டின் ஒரு பகுதி வாயுவாக வெளியேறும்; சிப்பி அஞ்சும் நைட்ரஜன் அந்த அளவுக்குக் குறையும். மின்செலவுக்கு வருவோம். ஏற்றமும் குழாயின் உராய்வும் சேர்த்து 15 மீட்டர் என்று வைத்தால், பம்புக்கு நாளொன்றுக்கு 15 யூனிட் போதும். காற்று ஊதும் சிறு நிலையத்துக்குக் கன மீட்டருக்கு அரை முதல் ஒரு யூனிட் வரை, ஆக 90 முதல் 180 யூனிட் ஆகும். ஒன்றுக்கு இரண்டு பம்பு வையுங்கள். ஒரு நாள் வரத்தைத் தாங்கும் சேகரக் கிணற்றைத் தெருக்களை ஒட்டிய மேட்டில் வையுங்கள், ஓடைக்கரையில் வேண்டாம்.

மழை மாதங்களில் பயிர் நீர் கேட்காது. மூன்று மாத நீரைச் சேர்த்துவைக்க 16,000 கன மீட்டர் குளம் வேண்டும், அது நடவாத காரியம். அப்போது மட்டும், முகத்துவாரம் உடைந்து ஓடை ஓடிக்கொண்டிருக்கும் நாட்களில், வெயில்குளத்தில் நின்ற நீரை ஓடையில் விட அனுமதி கேளுங்கள். மணல்திட்டு மூடியதும் மதகையும் மூடிவிட வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கான இசைவு விண்ணப்பத்திலேயே இதை இப்படி எழுதிவிடுங்கள்.

லாரிக் கசடை இந்தத் தொட்டிகளில் நேராக ஊற்றவே கூடாது. 5,000 லிட்டர் லாரி ஒன்று, ஊர் முழுவதும் ஒரு நாளில் அனுப்பும் கரிமச் சுமையில் பெரிய பங்கைக் கொண்டுவந்துவிடும். செங்கல்பட்டு மாவட்டத்துக் கருங்குழியில் 2017 முதல் நாளொன்றுக்கு 23 கன மீட்டர் கொள்ளளவில் கசடு உலர்த்தும் நிலையம் ஒன்று, பக்கத்து மதுராந்தகத்துக்கும் சேர்த்து இயங்குகிறது. மன்ற உறுப்பினர்கள் நால்வர் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். நாலைந்து ஊராட்சிகள் சேர்ந்தால் ராதாபுரம் வட்டத்துக்கே அப்படி ஒன்று போதும்.

கட்டுமரத்தார் மகள் எழுதுகிறார்:

மணல்திட்டு மூடியதும் மதகை மூடுவது யார் பொறுப்பு என்று தீர்மானத்தில் எழுதுங்கள், தம்பி. எங்கள் ஊரில் முகத்துவாரம் மூடும் நாளைக் கரைவலைக்காரர்களே முதலில் அறிவார்கள். அவர்களில் ஒருவருக்கு மாதச் சம்பளம் கொடுத்து மதகுச் சாவியைக் கொடுத்துவிடலாம்.

உடைமரம் எழுதுகிறார்:

அப்படியே எழுதுகிறோம், அக்கா. முதல் வேலையாக மேற்கு வாறுகாலின் 120 மீட்டரைப் பெயர்த்துக் கட்டவும், கருவாட்டுக் களத்துக்குத் தனித் தொட்டி கட்டவும் மதிப்பீடு கேட்டிருக்கிறோம். சர்வே எண்ணை வைத்து வரைபடத்திலும் பார்த்துவிட்டேன். ஓடைக்கரையின் 40 சென்ட்டில் முக்கால் பங்கு உவர்ச் சதுப்பாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. நிலையத்துக்கான தீர்மானம், பக்கத்துத் தோட்டக்காரர்கள் ஒன்பது ஏக்கருக்குக் கையெழுத்திட்ட பிறகே மன்றத்துக்கு வரும்.